வெங்காய வண்டியில் கொடைக்கானல்

சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் துணை

பெரம்பலூர்
8-4-84

அன்பு மகள் மலர்க்கொடிக்கு அப்பா எழுதுவது. இங்கு நான் சுகம். அங்கு நீயும் சின்னம்மாவும் சின்னப்பாவும் சுகமாக இருக்க வேண்டும். போன தடவை நான் வந்தபோது இருமிக்கொண்டிருந்தாயே, விட்டுவிட்டதா?

பத்தாவது பரீட்சை முடிந்தது என்று சின்னப்பா சொல்லியனுப்பினார். சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது. விஷயத்துக்கு வருகிறேன். உன் அம்மா ஆண்டாயி தவறியபோது உனக்கு ஐந்து வயது. அப்போது நான் லாரியில் மூட்டை தூக்கிக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்தவன். பெண் குழந்தையை என் கையில் விட்டுவைக்கக் கூடாது என்று உன் அம்மாவின் தங்கை செங்கமலம் உன்னை அரியலூருக்குத் தூக்கிக்கொண்டு போனாள். அது சரியான காரியம். இன்றைக்கு என் நிலை வேறு. வெங்காய வியாபாரத்தில் எனக்கென்று ஒரு பேர் இருக்கிறது. சொந்தமாக மெட்டடோர் வண்டி இருக்கிறது. ஓட்டு வீடு, கரண்டு, உள்ளேயே குளிக்கிற அறை எல்லாம் இருக்கிறது. நீ மட்டும் இல்லை.

ஜூலையில் பிளஸ் ஒன் இங்கேயே சேர்ந்து என்னோடு இருந்துவிட வேண்டும் என்பது என் ஆசை. கட்டாயம் இல்லை. மூட்டைக்குள் கையை விட்டுக் கிளறிப் பார்க்காமல் நான் எதையும் வாங்குவதில்லை. அப்பனையும் நீ பார்க்காமல் எடுத்துக்கொள்ள வேண்டாம். எப்போதாவது வந்து பிஸ்கட் பொட்டலம் கொடுத்துவிட்டுப் போகிறவனைப் பற்றி உனக்கு என்ன தெரியும்? மே மாதம் என்னோடு வண்டியில் வா. திருச்சி, திண்டுக்கல் வழியாகக் கொடைக்கானல் போய்வருவோம். நீயும் நானும் மட்டும். வந்து பார்த்துவிட்டுப் பதில் சொல்லு. எந்தப் பதிலாக இருந்தாலும் வருத்தப்பட மாட்டேன் என்று எழுதப் பார்த்தேன். அது பொய். கொஞ்சம் வருத்தப்படுவேன்.

சின்னம்மாவிடம் கேட்டு எழுது.

உன் அப்பா,
ராசாங்கம்


அரியலூர்
15-4-84

அன்புள்ள அப்பாவுக்கு மலர்க்கொடி வணக்கத்துடன் எழுதுவது. இருமல் போயே போய்விட்டது. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? சின்னப்பாவுக்கு ரயில்வே கேட்டில் பகல் டூட்டி போட்டுவிட்டதால் முகம் கறுத்துவிட்டது. மற்றபடி எல்லாரும் சுகம்.

கடிதத்தை நான் சத்தமாகப் படித்தேன். "போயிட்டு வா. அவரும் எத்தினி காலத்துக்குத்தான் கடையில சாப்புடுவாரு" என்றார்கள் சின்னம்மா. சொல்லிவிட்டு முறத்தை எடுத்து அரிசி புடைத்தார்கள். அது காலையிலேயே புடைத்த அரிசி.

நான் வருகிறேன் அப்பா. பக்கத்து வீட்டு அக்காவிடமும் தபால்காரரிடமும் சொல்லிவிட்டேன், இனி நீங்கள் மாற்ற முடியாது. ஆனால் சில நிபந்தனைகள். வண்டிக்குள் பீடி கூடாது. ஜன்னல் ஓரம் எனக்கு. ஏரியில் படகு ஏறியே ஆக வேண்டும். மலையில் வாந்தி எடுத்தால் திட்டக் கூடாது.

அங்கே உங்கள் வீட்டில் நான் இருந்தால் எந்த அறையில் படுப்பேன்? சும்மாதான் கேட்டேன்.

அன்பு மகள்,
மலர்க்கொடி


அரியலூர்
2-5-84

மாமா அவர்களுக்கு செங்கமலம் வணக்கம். எல்லாரும் நலம். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இதை அவளுக்குத் தெரியாமல் எழுதுகிறேன், தெரிந்தால் கோபிப்பாள்.

அவள் கத்தரிக்காய் தொட மாட்டாள். பசி என்று வாய் விட்டுக் கேட்க மாட்டாள், பேச்சுக் குறைந்தால் பசி என்று அர்த்தம். மலைக்குப் போகுமுன் எலுமிச்சம்பழம் ஒன்று கையில் கொடுங்கள். தூங்கும்போது போர்வையை உதைத்துத் தள்ளுவாள், நீங்கள்தான் எடுத்துப் போர்த்த வேண்டும்.

அவள் உங்களிடம் வருவதுதான் முறை மாமா. பெற்றவர் நல்லபடியாக இருக்கும்போது நாங்கள் யார் குறுக்கே நிற்க? எங்களுக்கு ஒன்று பிறந்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. அது போகட்டும்.

உங்கள் வீட்டுக் கொல்லைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் உண்டா? கிணற்றுத் தண்ணீர் உப்பா? அவளுக்கு முடி நிறைய, உப்புத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது. இவற்றை மட்டும் எழுதுங்கள், போதும்.

செங்கமலம்


பெரம்பலூர்
20-5-84

அன்பு மகள் மலர்க்கொடிக்கு அப்பா எழுதுவது. நான் சுகம். உன் சுகத்துக்கு எழுது. உன்னை அரியலூரில் இறக்கிவிட்டு வந்த பிறகு தொண்டை கட்டிவிட்டது. குளிர்தான். வேறொன்றும் இல்லை.

போனது நல்ல பிரயாணம் என்றுதான் நினைக்கிறேன். வண்டியில் வெங்காய மூட்டையைப் பார்த்ததும் உன் முகம் போன போக்கைக் கவனித்தேன். என்ன செய்ய? இவ்வளவு டீசல் போட்டு வண்டியைக் காலியாக ஓட்ட எனக்குக் கை வராது. ஆனாலும் நீ சிரித்தாய். "ஏம்ப்பா, மூட்டைங்களுக்கும் ஜன்னலோரம் வேணுமாமா?" என்று கேட்டாயே, பாடாலூர் தாண்டும்வரை எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மணப்பாறையில் முறுக்கைக் கடித்துக்கொண்டு உன் டீச்சர் நடப்பதுபோல் ரோட்டிலேயே நடந்து காட்டினாய். மலை ஏறுகையில் மூன்று தடவை வாந்தி எடுத்தாய், நான் திட்டவில்லை. இதெல்லாம் உன் நிபந்தனைப்படி சரியாக நடந்தது. படகு மட்டும் நடக்கவில்லை. சரக்கு இறக்கி, திரும்பி வர மலைப்பூண்டு விலை விசாரித்து ஏற்றுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

எனக்குப் புரியாதது ஒன்றுதான். போகும்போது ரேடியோ மாதிரி பேசிக்கொண்டு வந்தவள், கொடைக்கானலில் மீரான் பாய் கடையில் மூட்டை இறக்கிய பிறகு வாயைத் திறக்கவே இல்லை. பசி என்று நினைத்து வத்தலக்குண்டில் பரோட்டா வாங்கித் தந்தேன். தின்றாய். பேசவில்லை. திருச்சியிலும் பேசவில்லை. அரியலூரில் இறங்கி, "வரேங்க" என்றாய். போகும்போது "அப்பா, அப்பா" என்று சொன்ன பிள்ளை, யாரோ கடைக்காரனுக்குச் சொல்வதுபோல் "வரேங்க" என்றாய்.

என்ன என்று எழுது.

அப்பா


பெரம்பலூர்
1-6-84

மகளுக்கு அப்பா எழுதுவது. சுகம். சுகத்துக்குப் பதில் வரவில்லை.

யோசித்துப் பார்த்ததில் வெங்காய வாடைதான் காரணம் என்று தெரிகிறது. புதுத் தாவணி கட்டிக்கொண்டு வந்த பெண்ணை மூட்டைக்கு முன்னால் உட்கார வைத்தது தப்பு. என் கடைக் கணக்குப் பார்க்கிற செல்லமுத்து கையில் பவுடர் டப்பாவும், வாசனை சோப்பும், பாவாடைத் துணியும் கொடுத்தனுப்புகிறேன். துணி பிடிக்கவில்லையென்றால் மாற்றிக்கொள்ளலாம் என்று கடைக்காரனிடம் பேசியிருக்கிறேன்.

இன்னொன்று. இந்த மாதமே மறுபடியும் போகலாம். வண்டியைக் கழுவிவிடுகிறேன். மூட்டை இல்லை, பூண்டு இல்லை. காலி வண்டி. நான் இப்படி எழுதினேன் என்று நம்ம ஊர் வியாபாரிகளுக்குத் தெரிந்தால் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள். பரவாயில்லை.

பள்ளிக்கூடத்தில் கேட்டுவிட்டேன். இடம் இருக்கிறதாம்.

அப்பா


அரியலூர்
7-6-84

மாமா அவர்களுக்கு செங்கமலம் எழுதுவது. நலம். உங்கள் தொண்டைக்கு மிளகைத் தட்டிப் பாலில் போட்டுக் குடியுங்கள்.

ரிசல்ட் வந்துவிட்டது. அவள் நல்ல மார்க்கில் பாஸ். உங்களுக்கு எழுதச் சொன்னேன். பேனாவை எடுத்தாள், வைத்துவிட்டாள்.

நீங்கள் அனுப்பிய பவுடரைத் திறக்கவில்லை. துணியை என்னிடம் கொடுத்து, "நீங்க கட்டிக்கங்க" என்றாள். மலையிலிருந்து அவள் போட்டுக்கொண்டு வந்த பச்சை ஸ்வெட்டரை மட்டும் இந்த வெயிலிலும் கொடியில் கண்ணுக்கு எதிரே மாட்டி வைத்திருக்கிறாள். "யாருடி குடுத்தது?" என்று கேட்டேன். "கூலி" என்றாள்.

மாமா, நான் ஒன்று சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவள் உங்கள் மேல் கோபமாக இருந்தால் என்னிடமே இருந்துவிடுவாள். அது எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் எழுதுகிறேன். அப்படி அவள் எனக்கு வேண்டாம். நீங்கள் சாமான் அனுப்பாதீர்கள். கேளுங்கள். நீங்களே காரணத்தையும் சொல்லி, நீங்களே அதற்கு மருந்தும் அனுப்பினால் அவள் எப்போது பேசுவாள்?

கொல்லைத் தாழ்ப்பாள் பற்றி எழுதவே இல்லையே.

செங்கமலம்


பெரம்பலூர்
10-6-84

மலர்க்கொடி, சுகமா தாயி? பாஸானதற்குச் சந்தோஷம். தெருவுக்கே ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தேன்.

நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை. நீ சொல்லு. குறுக்கே பேசாமல் கேட்கிறேன்.

அப்பா


அரியலூர்
14-6-84

அப்பாவுக்கு மலர்க்கொடி எழுதுவது. எல்லாரும் சுகம். தொண்டை சரியாகிவிட்டதா?

வெங்காய வாடை ஒன்றும் இல்லை. எனக்கு அந்தப் பிரயாணம் பிடித்திருந்தது. மூட்டை தூக்கும் கொக்கியை எப்படி மாட்டினால் சாக்குக் கிழியாது என்று நீங்கள் காட்டிக்கொடுத்ததும் பிடித்திருந்தது. பெரம்பலூரில்தான் சேரப்போகிறேன் என்று மலையேறும்போதே மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். அங்கேயே சொல்லியிருப்பேன். வாந்தி வந்துவிட்டது.

மீரான் பாய் கடையில் நான் எடைத்தட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். பாய் என்னைப் பார்த்துவிட்டு உங்களிடம், "இது யாரு ராசாங்கம்?" என்று கேட்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நீங்கள் என்ன சொல்லப்போகிறீர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எடை பாக்க வந்த புள்ள பாய். குன்னத்துப் பக்கம். கூலிக்கு."

பிறகு நீங்கள் பூண்டு விலை பார்க்கப் போய்விட்டீர்கள். பாய் வீட்டு அம்மா, ஜன்னத் என்று பெயர், எனக்கு ரஸ்க் கொடுத்தார்கள். "ஏம்மா, ஒரு நாளைக்கு என்னா தர்றாரு?" என்று கேட்டார்கள்.

"சோறு மட்டுந்தாங்க."

"யா அல்லா!" என்று உள்ளே போய் அவர்கள் மகளுடைய ஸ்வெட்டரைக் கொண்டுவந்து மாட்டிவிட்டார்கள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்குக் குளிரவும் செய்தது.

இங்கே சின்னம்மாவிடம் யாராவது புதிதாக வந்து என்னைக் காட்டி யார் என்று கேட்டால், "எங்க பொண்ணு" என்பார்கள். அக்கா பெண் என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. பெற்ற நீங்கள் குன்னத்துப் பெண் என்றீர்கள். அவ்வளவுதான்.

மலர்க்கொடி


பெரம்பலூர்
23-6-84

என் மகள் மலர்க்கொடிக்கு அப்பா எழுதுவது. உடம்பு சுகம். மனசைப் பற்றிக் கேட்காதே.

உன் கடிதம் வந்த அன்று செல்லமுத்து ஏதோ கணக்குக் கேட்டான், எரிந்து விழுந்தேன். பிறகு உட்கார்ந்து யோசித்தேன். காரணம் சொல்கிறேன். அது சமாதானம் ஆகாது என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.

எங்கள் வியாபாரத்தில் வெளியூரில் சரக்கு இறக்கும்போது குடும்பத்தோடு வந்திருக்கிறோம் என்று காட்டிக்கொள்ள மாட்டோம். கூட பிள்ளை இருந்தால், அதற்குப் பசிக்கும், குளிரும், இவன் மூட்டையைத் திருப்பி ஏற்றிக்கொண்டு அடுத்த கடைக்குப் போக மாட்டான், கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போவான் என்று வாங்குகிறவன் கணக்குப் போடுவான். அதனால் யார் கேட்டாலும் கூலியாள் என்போம். இத்தனை வருஷப் பழக்கத்தில் அது வாயில் தானாக வந்துவிட்டது. யோசித்துச் சொல்லவில்லை. யோசிக்காமலேயே வந்ததுதான் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது.

நேற்று முன்தினம் கொடைக்கானல் போனேன். ஆமாம், மூட்டையோடுதான். மீரான் பாய் லப்பைக்குடிக்காட்டுக்காரர், நம் பக்கத்து ஆள், அதனால் கொஞ்சம் உரிமையாகப் பேசுவார்.

"வாங்க வாங்க. எடை பாக்குற புள்ள வரலையா?" என்றார்.

"அது என் மக பாய்" என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் கல்லாப்பெட்டி குலுங்கியது. "ஏன்யா, அப்பனுக்கும் மகளுக்கும் மூக்கு ஒரே அச்சு. ரெண்டு பேரும் சூடு ஆறின டீயையும் ஊதி ஊதிக் குடிக்கிறீங்க. இதக் கண்டுபுடிக்க நான் போலீசுல இருக்கணுமா?"

"அப்பறம் ஏன் ஒண்ணும் சொல்லாம நான் கேட்ட வெலையக் குடுத்தீங்க?"

"புள்ளையக் குளிர்ல நிக்க வெச்சுக்கிட்டுப் பேரம் பேசுறீங்களே. சட்டுனு முடிச்சு விட்டா ஏரியக் காட்டுவீங்கன்னு பாத்தேன். நீங்க பூண்டு பாக்கப் போயிட்டீங்க."

உள்ளேயிருந்து பாய் வீட்டு அம்மா வெளியே வந்தார். "சரக்க மட்டும் பாடாலூரு வெங்காயம், குன்னத்து வெங்காயம்னு ஊரு பேரு சொல்லி விக்கிறீங்க. பெத்த புள்ளைய யாருன்னு சொல்ல வாய் வரலையா ஒங்களுக்கு?" என்றார். நாலு பேர் முன்னால் கேட்டார். நின்று வாங்கிக்கொண்டேன். ஸ்வெட்டருக்கு என்ன தர வேண்டும் என்று கேட்டதற்கு இன்னும் கொஞ்சம் வாங்கிக்கொண்டேன்.

நான் எதை மறைத்து விலை வாங்கியதாக நினைத்தேனோ, அது தெரிந்துதான் அந்த விலையே கிடைத்திருக்கிறது. இதைவிட மட்டமான வியாபாரம் நான் செய்ததில்லை.

இனி உன் இஷ்டம் தாயி. கேட்பதற்கு எனக்கு வாய் இல்லை.

அப்பா


அரியலூர்
28-6-84

அன்புள்ள அப்பாவுக்கு மகள் மலர்க்கொடி எழுதுவது. இங்கே சின்னப்பாவுக்கு லேசாகக் காய்ச்சல், இப்போது தேவலை. உங்கள் முழங்காலோடு மலைக்குப் போய்த் திட்டு வாங்கிக்கொண்டு வந்தீர்களா?

கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன். சின்னப்பாவிடம் டீ போட்டுத் தரச் சொல்லி, ஊதிக் குடிக்கிறேனா என்று பார்த்தேன். ஆமாம்.

கோபம் போய்விட்டது. அதனால் இப்போது சொல்வதைக் கோபத்தில் சொல்கிறேன் என்று நினைக்கக் கூடாது. நான் அரியலூரிலேயே படிக்கிறேன் அப்பா.

சின்னம்மா என்னைப் போ போ என்றுதான் சொல்கிறார்கள். என் துணியை எல்லாம் மடித்துப் பெட்டியில் வைக்கிறார்கள். மறுநாள் சரியாக வெளுக்கவில்லை என்று எடுத்துத் துவைக்கிறார்கள். ஒரே பாவாடையை எத்தனை தடவைதான் துவைப்பது? சாயமே போய்விட்டது. அவர்கள் வாய் திறந்து இரு என்று கேட்க மாட்டார்கள். கேட்காதவர்களை விட்டுவிட்டு வந்தால், அவர்கள் எனக்கு யார் என்று கேட்டபோது நானும் மாற்றிச் சொன்னதுபோல் ஆகிவிடும்.

உங்களோடும் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. இரண்டையும் எப்படிச் சேர்த்து வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. வருத்தப்படுவேன் என்று முதலிலேயே எழுதியிருந்தீர்கள். கொஞ்சமாகப் படுங்கள்.

அன்பு மகள்,
மலர்க்கொடி


பெரம்பலூர்
3-7-84

அன்பு மகள் மலர்க்கொடிக்கு அப்பா எழுதுவது. நான் சுகம். உன் சின்னப்பா கருப்பண்ணனுக்குக் காய்ச்சல் விட்டதா? நான் விசாரித்ததாகச் சொல்லு.

உன் கடிதத்தை இரண்டு நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். வருத்தப்பட்டேன். கொஞ்சமாக இல்லை. பிறகு, படுத்துக்கிடந்து மோட்டு வளையைப் பார்த்தபோது ஒன்று உறைத்தது. நான் மூட்டையை நகர்த்தியே பழகியவன். அதனால் உன்னை இங்கே கொண்டுவருவது எப்படி என்று மட்டும்தான் எனக்கு யோசிக்க வந்திருக்கிறது. நான் நகரலாம் என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

எனக்கு இந்த ஊரில் என்ன இருக்கிறது? காட்டுக்குக் காடு போய் வெங்காயம் வாங்குகிறேன். குன்னத்துக்கு இங்கிருந்து போனால் என்ன, அங்கிருந்து போனால் என்ன? வீட்டில் நான் படுப்பது வாரத்தில் இரண்டு ராத்திரி. உன் அறையென்று ஒன்றை வெள்ளையடித்து வைத்திருந்தேன். அது செல்லமுத்து பிள்ளைகளுக்கு ஆகட்டும், அவன் குடும்பத்தைக் குடிவைக்கிறேன். அரியலூர் ரயிலடிப் பக்கம் ஒரு தகரக் கொட்டகை வாடகைக்கு இருக்கிறது. பின்னால் ஒரு அறை. உன் சின்னம்மா வீட்டிலிருந்து நடக்கிற தூரம்.

செங்கமலத்துக்கு இதைப் படித்துக் காட்டு. நான் அவளிடமிருந்து உன்னைப் பிரிக்க வரவில்லை. இந்த வயசில் ஒரு பிள்ளைக்கு அப்பனாக இருப்பது எப்படி என்று அவள் வீட்டுப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள வருகிறேன்.

வேண்டாம் என்றால் மட்டும் பதில் எழுது. தபால் வராவிட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு மேல் புறப்பட்டுவிடுவேன். போன தடவை உன் தபால் வராமல் இருந்தபோது பட்டது எனக்குத் தெரியும். இந்தத் தடவை அது வராமல் இருக்க வேண்டும் என்று தபால்காரரைப் பார்த்தாலே ஒளிந்துகொள்கிறேன்.

உன் அப்பா,
ராசாங்கம்


அரியலூர்
17-7-84

தம்பி செல்லமுத்துவுக்கு ராசாங்கம் எழுதுவது. நீயும் உன் வீட்டாரும் சுகமா? இங்கு சுகம். உன் சின்னவனுக்குக் கட்டி உடைந்துவிட்டதா?

சரக்கை வெள்ளிக்கிழமை அனுப்பு. ஈரம் இருந்தால் காற்றாடக் குவித்த பட்டறையிலேயே இரண்டு நாள் கிடக்கட்டும், அவசரப்பட்டு மூட்டை கட்டாதே. என் கட்டிலை மேலே போட்டு அனுப்பு. இங்கே பெஞ்சில் படுத்து முதுகு போய்விட்டது. எனக்குத் தபால் ஏதும் வந்திருந்தால் அதை அனுப்பாதே. நீயே வைத்துக்கொள்.

கொட்டகை நல்ல காற்றோட்டம். மலர்க்கொடியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாகிவிட்டது. சாயங்காலம் புத்தகத்தோடு வந்து எடைத்தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள். நேற்று பூண்டு வாங்க வந்த வியாபாரி, என்னைக் காட்டி இவர் யார் என்று அவளிடம் கேட்டான். "எங்கப்பா. கூலிக்கு இருக்காரு" என்றாள். அவன் சிரித்தபடியே விலையைக் குறைத்துக் கேட்டான். ஒத்துக்கொண்டேன். இதை வெளியில் சொல்லாதே.

சாப்பாடு செங்கமலம் வீட்டில். எவ்வளவு கேட்டும் காசு வாங்க மாட்டேன் என்கிறாள். மூன்று பேருக்குப் போட்டுப் பழகிய கைக்கு நாலாவது ஆளின் அளவு பிடிபடவில்லை, தினமும் சோறு மிஞ்சுகிறது. "மிஞ்சுனா மிஞ்சட்டும், நாளைக்குப் பழயதா போவுது" என்கிறார் கருப்பண்ணன். அவள் மறுநாளும் அவ்வளவு அரிசியே போடுகிறாள்.

வண்டி வெள்ளிக்கிழமை வெயில் ஏறுமுன் வந்து சேரட்டும்.

அன்புடன்,
ராசாங்கம்